நேராகப் பின்னறைக்குப் போனான்

அண்மையில் பெட்டாலிங் ஜெயாவில் உள்ள ஒரு கல்லூரியில், குற்றவியல் படிக்கும் மாணவர்களிடம் பேச அழைத்திருந்தார்கள். வேலையில் இருந்தவரை யாரும் கூப்பிட்டதில்லை. ஓய்வு பெற்றதும் திடீரென்று நமக்கு அனுபவம் வந்துவிட்டதாக எல்லோருக்கும் தோன்றிவிடுகிறது. பேசி முடித்ததும் முதல் கேள்வி வந்தது.

"மேடம், சீரியல் கில்லர் யாரையாவது நேர்ல பார்த்திருக்கீங்களா?"

இல்லை என்றேன். நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிள் திருடியவர்கள், கடைப் பூட்டை உடைத்தவர்கள், கோபத்தில் யாரையாவது வெட்டிவிட்டு அன்றிலிருந்து வருந்திக்கொண்டிருந்தவர்கள். அறையில் பாதிப் பேருடைய முகம் வாடிப்போனது.

கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். "புக்ல இவ்ளோ தியரி இருக்கே மேடம், உங்க வேலைக்கு எது உதவுச்சு?" என்று கேட்டாள். நேரம் முடிந்துவிட்டது. எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் உதவியது என்று சொல்லிச் சமாளித்துவிட்டு வந்துவிட்டேன். பூச்சோங்கில் உள்ள வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் நெரிசல். காருக்குள் உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் வந்தது. அது ஒரு வாக்கியத்தில் அடங்காது. ஒரு மேலதிகாரியையும் ஒரு வழக்கையும் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் செந்தூலில் வளர்ந்தவள். அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். பல்கலைக்கழகத்தில் உளவியலும் பிறகு குற்றவியலும் படித்துவிட்டுச் சிறைத் துறையில் ஆலோசகராகச் சேர்ந்தேன். அம்மா அக்கம்பக்கத்தில், "கவர்மெண்ட் வேலை" என்று மட்டும் சொல்வார். கவர்மெண்டில் என்ன வேலை என்று யாராவது கேட்டால் தேத்தண்ணி கலக்க எழுந்து போய்விடுவார்.

அப்போது என் தலை முழுக்கத் தியரி. வறுமையும் ஏமாற்றமும் மனிதனைக் குற்றத்துக்குத் தள்ளுகின்றன என்பது ஒன்று. குற்றமும் ஒரு தொழில் மாதிரி, கூட்டாளிகளிடம் கற்றுக்கொள்வது என்பது இன்னொன்று. குடும்பம், வேலை என்று ஒருவனைப் பிடித்துவைக்கும் கயிறுகள் அறுந்தால் அவன் வழிதவறுவான் என்பது மற்றொன்று. ஊர் ஒருவனைத் திருடன் திருடன் என்று சொல்லிச் சொல்லியே திருடனாக்கிவிடும் என்றும் ஒரு கட்சி உண்டு. இதில் எனக்குப் பிடித்தது வறுமைக் கட்சி. அப்பாவின் பட்டறை வாழ்க்கையைப் பார்த்தவள் அல்லவா.

சேர்ந்த புதிதில் பலமுறை சிறைக்கு வந்துபோன ஒரு பெரியவரிடம் என் கேள்விகளை அடுக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேடம், கஷ்டப்பட்ட குடும்பம், அப்பா குடிகாரரு, சேர்க்கை சரியில்ல. இதானே வேணும்? எழுதிக்குங்க. போன மேடமும் இதத்தான் எழுதிக்கிட்டாங்க" என்றார்.

"உண்மையில அப்பா குடிப்பாரா?"

"எங்கப்பா பூசாரி மேடம்."

இருவரும் சிரித்துவிட்டோம். ஆனால் வீட்டுக்குப் போகும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் அவர்களைப் படிப்பதைவிட நன்றாக அவர்கள் எங்களைப் படித்திருந்தார்கள்.

சில ஆண்டுகள் கழித்து, பரோல் முறை நம் நாட்டுக்கு வந்த தொடக்கக் காலத்தில், என்னைக் கிள்ளானில் பரோல் அதிகாரியாகப் போட்டார்கள். தண்டனையின் ஒரு பகுதியை முடித்தவர்களை மேற்பார்வையோடு வெளியே விடுவதுதான் பரோல். ஒருவரை விடலாமா என்பதை ஒரு குழு முடிவு செய்யும். அந்தக் குழுவுக்கு அறிக்கை தயாரிப்பது எங்கள் வேலை. சிறையில் அவன் நடத்தை, வெளியே யார் வீட்டில் தங்குவான், யார் வேலை கொடுப்பார்கள், அக்கம்பக்கத்தார் என்ன சொல்கிறார்கள், அவனால் பாதிக்கப்பட்டவர் என்ன நினைக்கிறார் என்று எல்லாவற்றையும் நேரில் போய்க் கேட்டு எழுத வேண்டும்.

அங்கே எனக்கு மேலதிகாரி துவான் ஹம்டான். மலாயில் துவான் என்றால் ஐயா. மெலிந்த மனிதர். சீனி போடாத கோப்பியை ஆறவைத்துக் குடிப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கையில் எப்போதும் ஒரு பென்சில். என் முதல் அறிக்கையைப் படித்து, 'முரட்டுத்தனமானவன்', 'பொறுப்பற்றவன்', 'மனம் திருந்தியவன்' என்று நான் எழுதிய இடங்களையெல்லாம் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"விமலா, இதெல்லாம் அவனைப் பற்றி நீ நினைப்பது. அவன் என்ன செய்தான்? அதை எழுது."

கைதியோடு பேசும்போது மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார மாட்டார். நாற்காலியை இழுத்து அவன் பக்கமாகவே போட்டுக்கொள்வார். முதலில் தண்ணீர் கொடுப்பார். பிறகு குற்றம் நடந்த நாளை, காலையில் எழுந்ததிலிருந்து சொல்லச் சொல்வார். "ஏன் செய்தாய்" என்று கேட்கவே கூடாது என்பது அவர் சட்டம். ஏன் என்று கேட்டால் மனிதன் உடனே ஒரு காரணத்தைத் தயாரித்துக் கொடுத்துவிடுவான் என்பார். அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "லெப்பாஸ் து?" அதற்கப்புறம்? அவன் ஒரு இடத்தைத் தாண்டிக் குதித்தால் மெதுவாகப் பின்னுக்கு அழைத்துவந்து மறுபடியும் "லெப்பாஸ் து?" என்பார். எனக்கு முதலில் இது போலீஸ் வேலை மாதிரிப் பட்டது. ஒரு மனிதனின் வாழ்க்கையை விட்டுவிட்டு ஒரு நாளைத் துருவுவதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில்தான் குணாவின் பெயர் என்னிடம் வந்தது.

குணா கிள்ளான்காரன், முப்பதுகளில் இருந்தான். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வீட்டுக்குள் பாராங் என்ற வெட்டுக்கத்தியோடு புகுந்து, தனியாக இருந்த பெண்மணியைத் தள்ளிவிட்டு நகையை எடுத்துக்கொண்டு ஓடியவன். கூட இருந்தவன் வாசலில் மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். சில நாள்களில் இருவரும் பிடிபட்டார்கள். நகை கிடைக்கவில்லை. கூட இருந்தவன் பின்னர் சிறையில் நோய் வந்து இறந்துபோனான். குணாவின் சிறை நடத்தை நன்றாக இருந்தது. கிள்ளானில் அவன் அக்கா தன் வீட்டில் வைத்துக்கொள்ளத் தயார். லோரி டயர் கடை வைத்திருந்த ஒருவர் வேலை கொடுப்பதாகச் சொன்னார். மீதமிருந்தது பாதிக்கப்பட்டவரின் கருத்து.

அவர் பெயர் செல்வமலர். மருத்துவமனையிலிருந்து ஓய்வு பெற்ற தாதி. யாழ்ப்பாணத் தமிழர். கணவர் இறந்தபின் அந்தப் பழைய வீட்டில் தனியாக இருந்தார். கேட்டில் இரண்டு பூட்டு, கதவில் மூன்று. எல்லாவற்றையும் திறந்து என்னை உள்ளே விட்டுவிட்டு, மறுபடியும் ஒவ்வொன்றாகப் பூட்டினார். இடது மணிக்கட்டு சரியாகத் திரும்பவில்லை. குணா தள்ளியபோது உடைந்த கை அது.

"இருங்கோ பிள்ளை. அவன் வெளியில வாறதில எனக்கு ஆட்சேபணை இல்லை. செய்ததுக்கு உள்ள இருந்திட்டான். ஒண்டு மட்டும் அவனைக் கேட்டுச் சொல்லுங்கோ. ஆர் அவனுக்குச் சொல்லிவிட்டது?"

"என்ன சொல்லிவிட்டது ஆன்டி?"

"நகை எங்க இருக்கெண்டு. முன்னுக்கு ரெண்டு அறை திறந்து கிடந்தது. ஒண்டுக்குள்ளையும் அவன் போகேல்லை. நேரே பின்னறைக்குத்தான் போனவன். அந்த அலுமாரியில நகை இருக்கிறது ரெண்டே பேருக்குத்தான் தெரியும். ஒண்டு நான்."

மற்றவர் அவருடைய தம்பி ஜெயபாலன். அவரும் கிள்ளானில்தான் இருந்தார். அந்த நகைகளில் அவர்களுடைய அம்மாவின் அட்டியல் என்ற கழுத்து நகை ஒன்று இருந்தது. அது தம்பி மகளின் கல்யாணத்துக்கு என்பது அம்மா சொல்லிவிட்டுப் போன ஏற்பாடு. கொள்ளை நடப்பதற்குச் சற்று முன்னால்தான் தம்பி வந்து, நீங்கள் தனியாக இருக்கிறீர்கள், அட்டியலை இப்போதே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார். கல்யாணத்துக்குத் தருவேன் என்று இவர் சொல்ல, பேச்சு தடித்துவிட்டது. பிறகு ஒருநாள் கிள்ளானிலிருந்து ஒருவன் வந்து நேராக அந்த அறைக்குள் போகிறான்.

"போலீஸ்கிட்ட இதைச் சொன்னீங்களா?"

"எப்பிடிச் சொல்லுறது? என்ட தம்பியெல்லோ."

தம்பியிடமும் அவர் கேட்கவில்லை. அவர் வந்தபோதெல்லாம் கேட்டுக்கு அந்தப் பக்கமே நிறுத்திப் பேசி அனுப்பினார். கொஞ்ச காலத்தில் தம்பி வருவது நின்றது. மகளின் கல்யாண அழைப்பிதழ் வந்தது. இவர் போகவில்லை. அக்காவும் தம்பியும், ஒருவர் பிரிக்பீல்ட்ஸிலும் ஒருவர் கிள்ளானிலுமாக, கொம்யூட்டர் ரயிலில் ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில், ஆண்டுக்கணக்கில் பேச்சில்லாமல் இருந்தார்கள்.

நான் அலுவலகம் திரும்பி துவான் ஹம்டானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குணாவிடம் நேரடியாகக் கேட்டுவிடலாமா என்றேன். அவர் பென்சிலை மேசையில் உருட்டிக்கொண்டே யோசித்தார்.

"யார் சொன்னது என்று கேட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். பயந்து வாயை மூடிக்கொள்வான். அல்லது பரோலுக்கு உதவும் என்று நினைத்து யாராவது ஒரு பெயரைச் சொல்லிவிடுவான். அந்த அம்மா ஏற்கெனவே ஒரு பெயரை வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறார். இன்னொன்று வேண்டாம். அந்த நாளைக் கேட்போம். நானும் வருகிறேன்."

அந்தச் சந்திப்பு மலாயும் தமிழும் கலந்து நடந்தது. தண்ணீர் கொடுத்தோம். குணா தலையைக் குனிந்துகொண்டே ஆரம்பித்தான். காலையில் வேலையிடத்தில் சண்டை, முதலாளி வெளியே போகச் சொல்லிவிட்டார், கூட்டாளியை ஏற்றிக்கொண்டு தலைநகர் கே.எல். வந்தது, கையில் காசில்லாதது. என் பழைய வறுமைக் கட்சி உள்ளுக்குள் தலையாட்டியது. துவான் அதில் நிற்கவில்லை.

"லெப்பாஸ் து?"

"பிரிக்பீல்ட்ஸ்ல சுத்துனோம். நான்தான் மோட்டர் ஓட்டுனேன். மொதல்ல பார்த்தது அந்த வீடு இல்ல, பக்கத்து வீடு. அங்க ஒரு சீன அங்கிள் காடி கழுவிக்கிட்டு இருந்தாரு. எங்களயே பார்த்தாரு. சரி, வேணாம்னு திருப்பிட்டேன்."

"லெப்பாஸ் து?"

"அடுத்த வீட்ல கேஸ் சிலிண்டர் போடுற ஆளு அப்பத்தான் லோரிய எடுத்துட்டுப் போறான். கேட்ட சாத்தாம போய்ட்டான். உள்ள டிவி சத்தம். நாய் இல்ல. கூட்டாளிய வாசல்ல நிக்கச் சொல்லிட்டு நான் போய்ட்டேன்."

உள்ளே போனதைச் சொல்லும்போது அவன் குரல் இறங்கியது. ஆன்டி சோபாவில் இருந்தார். பாராங்கைக் காட்டி நகை எங்கே என்று கேட்டான். நகை இல்லை என்றார்.

"லெப்பாஸ் து?"

"எந்திரிச்சாங்க."

"எழுந்து?"

குணா கண்ணை மூடினான். அந்த வீட்டை அவன் மறுபடியும் பார்ப்பது எங்களுக்குத் தெரிந்தது.

"பின்னால போனாங்க துவான். பின்னால ஒரு ரூம்பு. அது கதவ மறைச்சுக்கிட்டு நின்னாங்க. 'இஞ்ச ஒண்டும் இல்லை, போ'ன்னு கத்துனாங்க. முன்னால ரெண்டு ரூம்பு தொறந்துதான் கெடந்துச்சு. அதப் பத்தி அவங்களுக்குக் கவலயே இல்ல. இந்தக் கதவுலதான் கைய வச்சிருந்தாங்க. அப்ப நான் வேற எங்க மேடம் போவேன்?" தண்ணீர் கிளாஸைத் தள்ளி வைத்தான். "அந்தக் கையத்தான் தள்ளுனேன். விழுந்துட்டாங்க. எலும்பு உடையிற சத்தம் கேட்டுச்சு."

பாடப்புத்தகத்தில் ஓரமாக ஒரு தியரி உண்டு. குற்றம் செய்யத் துணிந்த ஒருவன், கைக்கெட்டும் ஒரு பொருள், தடுக்க ஆளில்லாத ஒரு நேரம், இந்த மூன்றும் ஒரே இடத்தில் கூடினால் குற்றம் நடக்கும் என்று அது சொல்லும். படிக்கும்போது இதில் மனிதனே இல்லையே என்று அதை ஒதுக்கி வைத்தவள் நான். இப்போது ஒரு காரைக் கழுவிய சீனரும் கேட்டைச் சாத்தாத கேஸ்காரரும் ஒரு குடும்பத்தின் பாரத்தை என் கண்ணெதிரே இறக்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லிவிடவில்லை.

செல்வமலரின் சந்தேகத்தை அதற்குப் பிறகுதான் துவான் குணாவிடம் எடுத்துச் சொன்னார். "இதை அவரிடம் சொல்ல உன் சம்மதம் வேண்டும். உன் பரோலுக்கு இது கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது. வேண்டாமென்றால் இந்த அறையோடு போகும்."

குணா நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "அவங்க தம்பியவா மேடம் சந்தேகப்பட்டாங்க? இத்தன வருசமா? சொல்லிடுங்க மேடம். மொதல்ல போய்ச் சொல்லிடுங்க."

ஆனால் துவான் என்னை உடனே போய்ச் சொல்ல விடவில்லை. நீ அவன் சொன்னதைச் சொன்னால், கள்ளன் வேறென்ன சொல்வான் என்று அந்த அம்மா தள்ளிவிடுவார். அல்லது உன் மேல் உள்ள மரியாதைக்காக நம்புவதுபோல் காட்டுவார். இரண்டுமே ஆறுதல் தராது. அவரே நடந்து பார்க்கட்டும். ஒன்றும் சொல்லிக் கொடுக்காதே என்றார்.

ஒரு மாலையில் மறுபடியும் அந்த வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு நடந்ததை உட்கார்ந்து சொல்லாமல், நடந்து காட்ட முடியுமா, கஷ்டமாக இருந்தால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடலாம் என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தாதியாக இருந்தவர்களுக்கு ஒரு துணிச்சல் உண்டு. "சரி, செய்வம்" என்று சோபாவில் போய் உட்கார்ந்தார்.

"டிவி பார்த்துக்கொண்டு இருந்தனான். அவன் உள்ள வந்து பாராங்கைக் காட்டினவன். நகை எங்கையெண்டு கேட்டான். இல்லையெண்டன்."

"அதுக்கப்புறம் ஆன்டி?"

"அதுக்குப் பிறகு அவன் நேரே பின்னறைக்குப் போனவன்."

"நீங்க அப்போ சோபாவில இருந்தீங்களா?"

"இல்லை, எழும்பிட்டன்."

"எழும்புங்க ஆன்டி. எழும்பி என்ன செஞ்சீங்களோ, அதையே செய்யுங்க."

அவர் எழுந்தார். ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு, யாரும் சொல்லாமல், கால்கள் தாமாகத் திரும்பின. திறந்திருந்த இரண்டு அறைகளையும் கடந்து, வயதுக்குப் பொருந்தாத வேகத்தில் பின்பக்கம் போனார். பின்னறைக் கதவுக்கு முதுகைக் கொடுத்து, உடைந்து கூடிய அந்த இடது கையைக் கதவின் மேல் விரித்து வைத்துக்கொண்டு நின்றார். தன் கையைத் திரும்பிப் பார்த்தார்.

"இஞ்ச வந்து நிண்டது நானெல்லோ," என்றார். "நான் முதல் வந்தனான். அவன் எனக்குப் பின்னால வந்தவன்."

குணா சொன்னதை அப்போதுதான் சொன்னேன், பக்கத்து வீட்டுக் காரிலிருந்து கடைசிவரை. அவர் கதவில் சாய்ந்தபடியே கேட்டார்.

"அப்ப நான்தான் காட்டிக் குடுத்தனான்."

"இல்ல ஆன்டி. அம்மாவோட நகைன்னு காவலுக்கு நின்னீங்க. யாரா இருந்தாலும் அங்கதான் ஓடியிருப்பாங்க. பயத்துல மனசு பாராங்க மட்டும்தான் பிடிச்சு வச்சிருக்கும். காலு எங்க போச்சுன்னு அதுக்கு ஞாபகம் இருக்காது."

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. நெடுநேரம் நின்று ஓய்ந்த தாதி நாற்காலியைக் கண்டதும் உட்காருவதுபோல, அந்தப் பின்னறை வாசற்படியிலேயே மெல்ல உட்கார்ந்துவிட்டார். பிறகு போனை எடுத்து வரச் சொன்னார். எண் மனப்பாடமாக இருந்தது. காது மந்தம் என்பதால் ஒலிபெருக்கியில் போட்டார்.

"தம்பி, நான் அக்கா கதைக்கிறன்."

மறுமுனையில் ஒரு ஆண் குரல். "அக்கா, என்ன நடந்தது? சுகமில்லையோ? நான் வாறன், கதவைத் திறந்து வையுங்கோ."

"சுகமாத்தான் இருக்கிறன். நீ ஆறுதலா, மெதுவாக் கார் ஓட்டி வா."

நான் இருக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். நான் வெளியே வந்தபோது அவர் எனக்குப் பின்னால் கேட்டைச் சாத்தினார். பூட்டவில்லை. இவ்வளவு பெரிய ஒன்று இவ்வளவு எளிதாக அவிழும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

மறுநாள் அவரே அழைத்தார். "சொல்லிப்போட்டன் பிள்ளை. அவனைச் சந்தேகப்பட்டதையும் சேர்த்துச் சொல்லிப்போட்டன்."

"என்ன சொன்னார்?"

"அட்டியலைக் கேட்டதுக்குத்தான் நான் கோவமாய் இருக்கிறனெண்டு நினைச்சவனாம். பிறகு, 'உங்கட இடத்தில நானெண்டாலும் அப்பிடித்தான் நினைச்சிருப்பன் அக்கா' எண்டான். பொய். அவன் ஒருநாளும் அப்பிடி நினைச்சிருக்க மாட்டான்." குரலில் சிரிப்பு இருந்தது. "ஞாயிற்றுக்கிழமை மகளையும் பேரப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாறானாம். நான் இன்னும் அந்தக் குழந்தையைக் காணேல்லை."

குணாவைச் சந்திக்க விருப்பமா என்று, முறைப்படி கேட்க வேண்டியதால், கேட்டேன். "அவனைப் பார்க்க வேண்டாம். நல்லா இருக்கட்டும், தூர இருக்கட்டும்" என்றார். அதையும் அப்படியே அறிக்கையில் எழுதினேன். துவான் ஹம்டான் படித்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார். ஒரு வட்டம்கூட இல்லை.

குழு குணாவுக்குப் பரோல் கொடுத்தது. அக்கா வீட்டில்தான் தங்க வேண்டும், டயர் கடை வேலையை விடக் கூடாது, இரவில் வெளியே போகக் கூடாது, பழைய கூட்டாளிகளைப் பார்க்கக் கூடாது, பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போகக் கூடாது, என்னிடம் தவறாமல் வந்து கையெழுத்துப் போட வேண்டும். முதல் மாதங்களில் அவன் வரும் நாளில் காலையிலிருந்தே கதவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நாங்கள் வெளியே விட்ட ஒருவன் மறுபடியும் யாரையாவது தள்ளிவிட்டால் அந்த எலும்புக்கு யார் பதில் சொல்வது? தியரிகள் இங்கே துணைக்கு வராது. அவன் கதவைத் தட்டி உள்ளே வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அவன் வந்தான். ஒவ்வொரு முறையும் வந்தான். விரல் நகத்தில் டயர் கரி போகவே இல்லை.

கடைசிக் கையெழுத்து நாளும் வந்தது. போட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தான். எழுந்து நின்றவனுக்கு எப்படிப் புறப்படுவது என்று தெரியவில்லை.

"இனிமே நான் எங்க வேணும்னாலும் போலாமா மேடம்?"

"போலாம் குணா."

"பினாங்கு?"

"பினாங்குக்கும் போலாம். சிங்கப்பூருக்கும் போலாம்."

"பிரிக்பீல்ட்ஸ் மட்டும் போமாட்டேன் மேடம். சட்டம் இல்லாட்டியும் போமாட்டேன்" என்றான். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் திடுக்கிட்டவனாக, "போர்ட் கிள்ளான்லேருந்து லோரி வந்து நிக்கும் மேடம், முதலாளி தேடுவாரு லா. நான் வரேன்" என்று சொல்லிவிட்டு, படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினான்.